கலையும் ஊடகமும் சொல்லிக்கொடுக்க இணையத்தில் எங்கே தேடலாம்?

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் ஓவிய ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓவியத்தோடு புகைப்படம், சினிமா, செய்தி பற்றியும் சொல்லிக்கொடுக்க ஆசை. ஹைடெக் லேப் இருக்கிறது, ப்ரொஜெக்டர் இருக்கிறது. ஆனால் இணையத்தில் தேடினால் பணம் கேட்கும் தளங்களும் ஒரே மாதிரியான கைவேலை வீடியோக்களும்தான் வருகின்றன. இலவசமாக, தரமாக, முடிந்தால் தமிழில் எங்கே கிடைக்கும்? எதை எடுத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வராது?"

கிடைக்கிறது, நிறையவே கிடைக்கிறது. தேடும் பொருளைத்தான் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். 'லெசன் பிளான்' என்று தேடினால் அலுப்புதான் மிஞ்சும். அவை பெரும்பாலும் வேறு ஊரில், வேறு பாடத்திட்டத்துக்கு, வேறு பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தவை. வகுப்பைப் பிடித்து நிறுத்துவது மூலப்பொருள்: நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய ஒரு படம், ஒரு நிமிடம் ஓடும் ஒரு பழைய சினிமா, அது எங்கிருந்து வந்தது என்று சொல்லும் நம்பகமான குறிப்பு. இவை கைக்கு வந்துவிட்டால் கேள்விகளை நீங்களே எழுதிவிடுவீர்கள், உங்கள் பிள்ளைகளை உங்களுக்குத்தானே தெரியும். அந்த மூலப்பொருளை வைத்திருப்பவை அருங்காட்சியகங்களும் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும். கூகுளில் பொதுவாகத் தேடி நேரத்தைப் போக்காமல் நேராக அவற்றின் தளங்களுக்கே போய்விடுங்கள்.

முதலில் தமிழில் இருப்பதைச் சொல்கிறேன். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பலர் எட்டிப் பார்க்காத ஒரு செல்வம் இலங்கையில் இருக்கிறது. அங்கே சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் எல்லாமே பரீட்சை எழுதும் பள்ளிப் பாடங்கள். ஊடகத்துக்கென்றே 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' என்று ஒரு பாடம் உண்டு. இவற்றுக்கான தமிழ்மொழிப் பாடநூல்களை அந்நாட்டின் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தன் தளத்தில் பிடிஎஃப் ஆகவே வைத்திருக்கிறது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். மகரகமவில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகள் இருக்கின்றன. உங்களுக்குப் பாடநூலைவிட இந்த வழிகாட்டிகள்தான் அதிகம் உதவும். ஒரு பாடவேளையில் எதைச் சொல்வது, பிள்ளைகளை எந்தச் செயற்பாட்டில் இறக்குவது, என்ன கேட்டால் அவர்களுக்குப் புரிந்தது தெரியும் என்பதெல்லாம் ஆசிரியருக்கென்றே எழுதப்பட்டிருக்கும். அதுவும் பள்ளிப் பிள்ளைகளின் அளவுக்கு, தமிழில். நம் ஊர்ப் பாடத்திட்டத்தோடு வரிக்கு வரி பொருந்தாது, சில சொற்கள் பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆனாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் தமிழில் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் தமிழ் இணையக் கல்விக்கழகம். அதன் மின்னூலகத்தில் கலை, சிற்பம், கூத்து பற்றிய பழைய நூல்கள் இருக்கின்றன. பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தையும் அங்கே படிக்கலாம். ஈழத்துக் கலைகள் பற்றித் தேடினால் 'நூலகம்' என்ற பெயரிலேயே உள்ள இணையத் தளமும், அதே நிறுவனம் ஒலி, ஒளி, படங்களுக்காக நடத்தும் 'ஆவணகம்' தளமும் உண்டு. அரசின் கல்வித் தளங்களான திக்ஷாவிலும் மணற்கேணியிலும் இருப்பது பெரும்பாலும் பாடநூலை ஒட்டிய விளக்கங்கள். அறிவியலுக்கும் கணக்குக்கும் நல்லது, உங்கள் தேவைக்கு அவ்வளவாக உதவாது. ஆங்கிலம் சமாளிக்க முடியும் என்றால் பெங்களூரின் கலை-புகைப்பட அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மேப் அகாடமி 2022-இல் இந்தியக் கலைக்கென்று ஒரு இலவச இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கியது. கட்டுரைகள் சிறியவை, மொழி எளிது, பாடத்துக்கு முந்தின இரவு படித்துவிட்டுப் போக ஏற்றவை. என்சிஇஆர்டி-யின் பதினோராம் வகுப்பு இந்தியக் கலைப் பாடநூலும் இலவச பிடிஎஃப்தான்.

சரி, மூலப்பொருளை வைத்து ஒரு வகுப்பு எப்படி நடக்கும் என்று ஒரே ஒரு புகைப்படத்தை எடுத்துக் காட்டுகிறேன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்துக்குப் போய் 'மைக்ரன்ட் மதர்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். புகைப்படக் கலைஞர் டோரதியா லாங் 1936-இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்த கூலிகள் தங்கியிருந்த முகாமில் எடுத்த படம். கூடாரத்தின் வாயிலில் ஒரு தாய், தோளில் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. லாங் அப்போது அரசு வேலையில் இருந்தார். அதனால் அந்தப் படத்துக்குப் பதிப்புரிமைத் தடை கிடையாது, பெரிய அளவிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

அந்த நூலகம் ஒரு படத்தோடு நிற்பதில்லை, அன்று அதே கூடாரத்தருகே எடுத்த மற்றப் படங்களையும் வைத்திருக்கிறது. முதலில் அவற்றை ப்ரொஜெக்டரில் ஓடவிடுங்கள். ஒன்றில் கேமரா தூரத்தில் நிற்கிறது, கூடாரம் முழுக்கத் தெரிகிறது, சாமான்கள் கிடக்கின்றன. அப்புறம் கிட்டே வருகிறது, கூடாரம் குறைகிறது, முகம் பெரிதாகிறது. இவற்றில் ஒன்றை மட்டும் நாளிதழில் போடலாம் என்றால் எதைப் போடுவீர்கள் என்று கேளுங்கள். ஃப்ரேமிங் பற்றி, அதாவது படத்துக்குள் எதை வைப்பது எதை விடுவது என்பது பற்றி, நீங்கள் தனியாகப் பாடம் எடுக்க வேண்டிய அவசியமே இருக்காது, பிள்ளைகள் தாங்களாகவே வாதாடுவார்கள்.

அடுத்து, புகழ்பெற்ற அந்தப் படத்தின் கீழ் வலது மூலையைப் பெரிதாக்குங்கள். கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் அங்கே இருந்தது. பார்வையைச் சிதறடிக்கிறது என்று பிற்பாடு நெகட்டிவில் ரீடச் செய்து அதை மங்கச் செய்துவிட்டார்கள். ரீடச் செய்யாத பழைய பிரிண்டும் அதே நூலகத்தில் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். போனில் ஃபில்டர் போடும் பிள்ளைகளுக்கு இது தங்கள் விஷயம். விரலை எடுத்தது பொய்யா? அப்படியென்றால் எதுவரை திருத்தலாம்?

மூன்றாவது கேள்விதான் கனமானது. படத்தின் குறிப்பில் அந்தத் தாயின் பெயர் இல்லை. ஏழு பிள்ளைகளின் தாய், வயது 32 என்றுதான் இருக்கிறது. அவர் பெயர் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978-இல், படம் எடுத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை அவர்கள் விற்றுவிட்டதாக லாங் பின்னாளில் எழுதியிருந்தார், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று குடும்பத்தார் மறுத்தார்கள். ஏழையின் முகத்தைப் படம் எடுக்கும்போது யாரைக் கேட்க வேண்டும், அந்த முகம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை எட்டாம் வகுப்புப் பிள்ளை தாராளமாக எதிர்கொள்ளும். வெள்ள நிவாரண வரிசையில் நின்றவர்களின் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

பிறகு நம் ஊர்ப் படங்களுக்கு வாருங்கள். பிரிட்டிஷ் நூலகம் 'அழிவின் விளிம்பில் உள்ள ஆவணங்கள்' என்ற பொருளில் 2004-இலிருந்து நடத்தும் திட்டத்தில், தமிழ்நாட்டின் பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் எடுத்த படங்களும் இருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்து டிஜிட்டல் ஆக்கியவை அவை. வரைந்த திரைச்சீலை, அலங்கார நாற்காலி, கையில் கொடுத்த புத்தகம், பக்கத்தில் நிற்கும் பூச்சாடி என்று ஒவ்வொன்றும் தெரிந்தே வைக்கப்பட்டது. இதைக் காட்டிவிட்டு, வீட்டில் இருக்கும் பழைய ஸ்டுடியோ போட்டோவைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அசலைக் கொண்டுவர வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லிவிடுங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யார் கை யார் தோளில் என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வரட்டும்.

சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் இப்போது கதவை நன்றாகவே திறந்துவிட்டன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் 2017-இலும், கிளீவ்லாந்து 2019-இலும், ஸ்மித்சோனியன் 2020-இலும் பதிப்புரிமை முடிந்த தங்கள் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் அதற்கும் முன்பே இந்த வழியில் நடந்தது. கிளீவ்லாந்தில் டச்சு ஓவியர் ரெம்பிரான்ட் வரைந்த ஷாஜகான் கோட்டோவியம் ஒன்று இருக்கிறது. முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து ரெம்பிரான்ட் வரைந்து பழகியவற்றில் அதுவும் ஒன்று. பெரிய மேதையும் இன்னொரு நாட்டு ஓவியத்தைப் பார்த்து வரைந்துதான் கற்றுக்கொண்டார் என்பது, பார்த்து வரைவதைக் குறைவாக நினைக்கும் பிள்ளைக்குக் காட்ட வேண்டிய விஷயம். ரெம்பிரான்டின் 'நைட் வாட்ச்' ஓவியத்தை ரைக்ஸ் அருங்காட்சியகம் 2022-இல் 717 கிகாபிக்சல் படமாக வெளியிட்டது. ஸ்மார்ட் போர்டில் பெரிதாக்கிக்கொண்டே போனால் வண்ணத்தில் விழுந்த வெடிப்புகூடத் தெரியும்.

அதே கிளீவ்லாந்து தளத்தில் 1930-இல் அங்கே போய்ச் சேர்ந்த சோழர் கால நடராசர் இருக்கிறார். கோயிலில் அலங்காரத்துக்குள் மறைந்திருக்கும் வடிவத்தைப் பிள்ளைகள் இங்கே முழுசாகப் பார்த்து வரையலாம். வரைந்து முடித்ததும் அந்தப் பக்கத்தின் கீழே இறங்குங்கள். சிலை யார் யார் கைக்கு எப்போது மாறியது என்று ஒரு பகுதி இருக்கும். அருங்காட்சியகத் தளங்களில் நான் பிள்ளைகளுக்கு முதலில் காட்டச் சொல்லும் பகுதி அதுதான். காரணம், அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர். அந்தக் கோயிலிலிருந்து திருடுபோன சிலையை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. அதன் கைமாற்றச் சரித்திரம் என்று கொடுக்கப்பட்ட காகிதங்கள் போலி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-களில் அந்தக் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த புகைப்படம் உண்மையைக் காட்டிக்கொடுத்தது, 2014-இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஒரு சாமியை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவர உதவியிருக்கிறது. ஆவணப்படுத்துதல் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நெருக்கமான கதை நமக்குக் கிடைக்காது. உங்கள் ஊர்க் கோயிலின் தூண்களை அவர்கள் போனில் வரிசையாகப் படம் எடுத்து, தேதியும் இடமும் எழுதி வைத்தாலே அது உருப்படியான வேலை. கோயில் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிவிட்டு, வாங்கிய பிறகே.

சினிமாவுக்கு வருவோம். பள்ளிகளில் சிறார் திரைப்படங்கள் திரையிடுகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் ஒன்றரை மணி நேரப் படத்தை வைத்து ஒரு பாடவேளையில் எதையும் நுணுக்கமாகப் பேச முடியாது. ஒரு நிமிடத்துக்குள் முடியும் படங்களைத் தேடுங்கள். லூமியேர் சகோதரர்கள் 1895-இல் லியோன் நகரில் தங்கள் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வருவதை எடுத்த படம் விக்கிமீடியா காமன்ஸில் கிடைக்கிறது. அதில் மூன்று வடிவங்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒன்றில் ஒரு குதிரை பூட்டிய வண்டி வருகிறது, இன்னொன்றில் இரண்டு குதிரை, மற்றொன்றில் குதிரையே இல்லை. வெவ்வேறு நாட்களில் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். மூன்றையும் போட்டுவிட்டு, இது நடந்ததைப் பிடித்ததா, நடக்கச் சொல்லிப் பிடித்ததா என்று கேளுங்கள். யாராவது கேமராவைப் பார்க்கிறார்களா, எல்லோரும் ஏன் சரியாக இரண்டு பக்கமும் பிரிந்து போகிறார்கள், கடைசியில் கதவு என்ன ஆகிறது? ரீல்ஸ் பார்த்து வளரும் பிள்ளைகள் இதைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள்.

எடிட்டிங் சொல்லிக்கொடுக்க ஆசை இருந்தால், அனிமேஷன் மென்பொருள் செய்யும் பிளெண்டர் அமைப்பு யாரும் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கும் படங்களைப் பாருங்கள். 'பிக் பக் பன்னி', 'சின்டெல்' இரண்டும் அனிமேஷன். பெயரைக் குறிப்பிட்டால் போதும், வெட்டலாம், ஒட்டலாம், தமிழில் குரல் கொடுக்கலாம், பள்ளி யூடியூப் சேனலில் ஏற்றலாம். ஒரு காட்சியின் ஒலியை எடுத்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து, அவர்களே சத்தம் செய்து பதியச் சொல்லுங்கள். காலடிக்கு எதைத் தட்டுவது, மழைக்கு எதைக் குலுக்குவது என்று அவர்கள் தேடுவதே பாதிப் பாடம். ஒலியைப் பதியவும் வெட்டவும் ஆடாசிட்டி மென்பொருள் போதும். கிடைக்காத ஓசைக்கு பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்திலிருந்து நடக்கும் ஃப்ரீசவுண்ட் இருக்கிறது. வரைவதற்குக் கிரிட்டா, படம் ஒட்ட ஓபன்ஷாட். எல்லாம் இலவசம்.

செய்தியைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுப்பதும் ஓவிய ஆசிரியரின் வேலைதானா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள். படத்தைப் படிக்கத் தெரிந்தவர்தான் அதைச் சொல்லிக்கொடுக்க முடியும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான 'சிவிக் ஆன்லைன் ரீசனிங்' பாடங்கள் இலவசம். ஆங்கிலத்தில் இருந்தாலும் பயிற்சிகள் சிறியவை. அதன் மையக் கருத்து அங்கே நடந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. வரலாற்றாசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் மூன்று தரப்பிடமும் தெரியாத தளங்களைக் காட்டினார்கள். முதல் இரண்டு தரப்பும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து படித்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே வெளியே வந்து, இந்தத் தளத்தை நடத்துவது யார் என்று வேறு டேப்களில் தேடினார்கள், சீக்கிரமாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். தமிழில் உதாரணங்கள் வேண்டுமென்றால் யூடர்ன், நியூஸ்மீட்டர், நியூஸ்செக்கர் ஆகியவற்றின் தமிழ்ப் பக்கங்களைப் பாருங்கள். முடிவை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டி, அது முன்பு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று கூகுள் லென்ஸிலோ டின்ஐ-யிலோ தேடச் சொல்லுங்கள். கட்சி சார்ந்த உதாரணங்களைத் தவிர்த்துவிடுங்கள், வகுப்பு வேறு திசையில் போய்விடும். பழைய வெள்ளப் படத்தைப் புதிது என்று பரப்புவது, வேறு நாட்டு விலங்கை நம் ஊரில் பிடிபட்டது என்று சொல்வது போன்றவை போதும். கூகுள் படத் தேடலில் இப்போது ஏஐ உருவாக்கிய 'சோழர் கால' ஓவியங்களும் கலந்து வருகின்றன. எந்தக் கோயில், எந்தச் சுவர் என்று சொல்லாத படத்தை வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள்.

இனி பதிப்புரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆவது பிரிவு, பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் ஒரு படைப்பைப் பயன்படுத்துவதற்கு இடம் கொடுக்கிறது. வகுப்பறைக்குள் காட்டுவதற்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. அதையே பள்ளி யூடியூப் சேனலில் ஏற்றுவது, மலராக அச்சடித்து விற்பது வேறு கணக்கு. அங்கே உரிமை பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஓவியத்துக்கு இந்தியாவில் படைத்தவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை, திரைப்படத்துக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு. ரவி வர்மா 1906-இல் காலமானவர், அவர் ஓவியங்களுக்குத் தடை இல்லை. பழைய தமிழ்ப் படம் ஒன்றின் காலம் முடிந்திருந்தாலும் யூடியூபில் அதன் பாடலுக்கு உரிமை கோரல் வரலாம், பொது வெளியில் ஏற்றுவதென்றால் பாடலைத் தவிர்த்துவிடுவது நிம்மதி. கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது படைத்தவரே முன்கூட்டிக் கொடுத்துவிடும் அனுமதி. அந்த உரிமங்களில் 'சிசி ஜீரோ' என்றால் எதுவும் கேட்க வேண்டாம். 'சிசி பை' என்றால் படைத்தவர் பெயரைப் போட வேண்டும். 'என்சி' என்று இருந்தால் வணிகத்துக்கு ஆகாது, 'என்டி' என்று இருந்தால் மாற்றி வெளியிடக் கூடாது. இந்த நான்கும் தெரிந்தால் பள்ளிக்குப் போதும். கூகுள் படத் தேடலில் 'டூல்ஸ்' என்பதைத் தட்டி, பயன்பாட்டு உரிமையில் கிரியேட்டிவ் காமன்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனாலும் படம் இருக்கும் பக்கத்துக்கே போய் உரிமத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தங்கள் ஓவியத்துக்கும் வீடியோவுக்கும் இதே உரிமங்களில் ஒன்றைத் தாங்களே தேர்ந்தெடுத்துக் கீழே எழுதட்டும். தன் பெயர் போட வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைக்கு, அடுத்தவர் பெயரையும் போட வேண்டும் என்பது தானாகப் புரியும்.

வேலையைத் தொடங்கும்போது எல்லாத் தளங்களையும் ஒரேயடியாக மேய வேண்டாம். இலங்கை ஆசிரியர் வழிகாட்டியில் ஒரு செயற்பாடு, நிப்போமோ படங்கள், வீட்டு ஸ்டுடியோ போட்டோ, லூமியேரின் மூன்று வடிவங்கள். இவ்வளவை வைத்தே ஒரு பருவம் நடத்திவிடலாம். லேபில் நெட் எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்ல முடியாது, ஆகவே எல்லாவற்றையும் வீட்டிலேயே டவுன்லோடு செய்து பென் டிரைவில் கொண்டுபோங்கள். படங்களில் டிஃப் வகைக் கோப்புகள் மிகப் பெரியவை, ஜேபெக் வகை போதும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சின்னக் குறிப்புக் கோப்பு வையுங்கள்: எந்தத் தளம், எந்த உரிமம், எடுத்த தேதி. அதோடு அருங்காட்சியகமோ நூலகமோ அந்தப் பொருளுக்குக் கொடுத்திருக்கும் பதிவு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். தளத்தைப் புதுப்பிக்கும்போது இணைப்புகள் செத்துப்போவது சகஜம். எண் இருந்தால் அடுத்த ஆண்டு உங்களுக்குப் பதில் வரும் ஆசிரியர்கூடத் தேடி எடுத்துவிடுவார்.